பதினேழு தோட்டாக்கள்

ரெய்னோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சமையலறை மேசையின் மேல் ஒரு கைக்குட்டையை விரித்தான். அதில் மூன்று பித்தளைக் கூடுகள் இருந்தன. சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாக்களின் வெறும் கூடுகள்.

"அண்ணி, இதக் கொஞ்சம் பாருங்க."

ஐலா பார்த்தாள். ஏப்ரலுக்குப் பிறகு யார் எதைப் பார்க்கச் சொன்னாலும் அவள் பார்த்தாள். எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டாள். அவளுடைய கணவன் ஓலவி ஏரியில் மூழ்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. இந்த நான்கு மாதத்தில் அவள் ஒருமுறைகூட அழவில்லை. அடக்கிக்கொண்டாள் என்றும் சொல்ல முடியாது, அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைப் போல இருந்தது. தொட்டால் தொடுவது தெரியும், அதற்கு மேல் தெரியாது.

கூட்டின் அடியில் ஊசி அடித்துத் தீப்பற்றவைக்கும் கேப்பு மூன்றிலும் அளவுமீறிய அழுத்தத்தால் சப்பையாக நசுங்கியிருந்தது. ஒன்றில் அதைச் சுற்றிக் கறுப்பாகப் புகை கசிந்த தடம்.

"எப்ப சுட்ட?"

"ஜூன்ல. நடுக்கோடை லீவுக்கு முந்தின வாரம்."

"இப்ப ஆகஸ்ட்டு."

"தெரியும் அண்ணி." ரெய்னோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஓலவிக்கு நான்கு வயது இளையவன், அறுபதைத் தொடப்போகிறவன். "மொதல் வெடிக்கே போல்ட்டு எறுகிப்போச்சு. ரெண்டாவதுக்கு உள்ளங்கையால அடிச்சுத் தெறந்தேன். மூணாவதுக்கு வெறகுக் கட்டைய எடுத்து அடிக்கவேண்டியதாப் போச்சு. மூஞ்சியில சூடா வந்து அடிச்சுது. அதோட நிறுத்திட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அண்ணன் போய் ரெண்டு மாசம்தான் ஆகுது. உங்க முன்னாடி வந்து நின்னு, அண்ணன் போட்டுக்குடுத்த தோட்டா சரியில்லன்னா சொல்லுவேன்?" சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தான். "மிச்சம் பதினேழு இருக்கு. சனிக்கிழமை மூஸ் மான் வேட்டைக்கான சுடும் பரீட்சை. இத வச்சு நான் சுட மாட்டேன். வெடிமருந்து அதிகமாப் போட்டுட்டானோ என்னவோ, நீங்க பாத்துச் சொல்லுங்க."

பெட்டியின் மேல் ஓலவியின் கையெழுத்து இருந்தது. ரெய்னோ, 308, மார்ச் 28. அவன் இறப்பதற்குச் சரியாகப் பதினாறு நாள் முன்பு.

ஐலா காபி ஊற்றினாள். இருவரும் குடித்தார்கள். ரெய்னோ தன் படகு எஞ்சினைப் பற்றி ஏதோ சொன்னான். அவள் தலையசைத்தாள். அவன் போன பிறகு, கோப்பைகளைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு சௌனா என்னும் நீராவிக் குளியலறையை ஒட்டியிருந்த சின்ன அறைக்குப் போனாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. போகக் கூடாது என்று இல்லை, போக வேலை இல்லை.

அண்ணன் தம்பி இருவரிடமும் இருந்தவை ஒரே வகைத் தோட்டாவைத் தின்னும் இரண்டு துப்பாக்கிகள். ஓலவியுடையது பழைய ராணுவ ரைஃபிள், அதன் குழல் சற்று அகலம். ரெய்னோவுடையது பிற்பாடு வேட்டைக்கென்றே செய்தது, குழல் ஒடுக்கம். கூடு ஒன்றுதான், மருந்து ஒன்றுதான். கூட்டின் வாயில் பொருத்தும் குண்டின் பருமன் மட்டும் வேறு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் ரெய்னோவுக்கு முந்நூற்றெட்டு, ஓலவிக்கு முந்நூற்றுப் பதினொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுடியின் கனம்தான் வித்தியாசம், கண்ணால் பார்த்தால் யாராலும் பிரிக்க முடியாது. மெல்லிய குண்டை அகலக் குழலில் போட்டால் தள்ளாடிப் போய் எங்கேயோ விழும். தடித்த குண்டை ஒடுக்கக் குழலில் போட்டால் அது நெருக்கியடித்துக்கொண்டு போகும், போக முடியாத வேகமெல்லாம் சுடுகிறவனின் முகத்தைப் பார்த்துத் திரும்பும். அதனால்தான் முப்பது வருடமாக ஓலவி இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைத்திருந்தான். ஒரே நாளில் இருவருக்கும் சேர்த்துத் தோட்டா கட்ட மாட்டான். ரெய்னோவுக்கு ஒரு நாள், தனக்கு இன்னொரு நாள்.

ஐலா விளக்கைப் போட்டாள். மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. தராசின் மேல் துணி மூடியிருந்தது. அவளுடைய மைக்ரோமீட்டர் அதன் பெட்டியில் இருந்தது. அது உண்மையிலேயே அவளுடையது. கயானி நகரத்தில் ஒரு இயந்திரப் பட்டறையில் இருபத்தாறு வருடம் அவள் உருளைத் தண்டுகளை அளந்து, சரி, சரியில்லை என்று பிரித்துப்போடும் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றபோது அதைத் தன்னோடு எடுத்துவந்தாள். பறவை வேட்டைக்கு அவளிடம் தனி உரிமமும் இருந்தது. தோட்டா கட்டும் வேலையில் ஓலவிக்குப் பக்கத்தில் பல குளிர்காலங்கள் உட்கார்ந்திருக்கிறாள்.

தோட்டாவைப் பிரிக்கவென்றே உள்ள சுத்தியலின் பொள்ளல் தலைக்குள் முதல் தோட்டாவைப் பொருத்தி, மரக்கட்டையின் மேல் மூன்று தரம் அடித்தாள். குண்டும் மருந்தும் கழன்று விழுந்தன. மருந்தைத் தராசில் போட்டாள். சரியாக இருந்தது. துளிகூட அதிகம் இல்லை.

குண்டைத் துடைத்து மைக்ரோமீட்டரில் வைத்து மில்லிமீட்டர் கணக்கைப் படித்தாள். 7.90.

மைக்ரோமீட்டரைத் துடைத்து, சுழியம் சரிபார்த்து, மறுபடி வைத்தாள். 7.90. ரெய்னோவின் முந்நூற்றெட்டு என்றால் அது 7.82 இருக்க வேண்டும், 7.90 என்பது ஓலவியின் முந்நூற்றுப் பதினொன்று.

ஓலவி பெட்டியை மாற்றி எடுத்துவிட்டான் என்று நினைத்தாள். முப்பது வருடத்தில் ஒரு தரம். அந்த நினைப்பு வந்தபோதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தோட்டாவை எடுத்தாள். 7.90. அடுத்தது 7.90. நான்காவது 7.82.

அங்கேதான் அவள் கை நின்றது.

தவறான பெட்டியை எடுத்திருந்தால் எல்லாமே தடித்த குண்டாக இருக்க வேண்டும். ஒரு பெட்டியில் ஒரு பிழைதான் இருக்கும். பட்டறையில் இதை அவள் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள். இயந்திரம் ஒரு பக்கம் கோணினால் தண்டுகள் எல்லாம் அதே பக்கம் கோணும். இது அப்படி இல்லை. பதினேழையும் பிரித்து முடித்தபோது பதினொன்று தடித்தவை, ஆறு மெல்லியவை. நடுநடுவே சரி, நடுநடுவே தப்பு.

எழுந்து அலமாரிகளைத் திறந்தாள். மேலே இருந்த பெட்டியில் கையை விட்டு ஐந்து குண்டுகளை எடுத்து அளந்தாள். மூன்று ஒருவிதம், இரண்டு வேறுவிதம். கீழே இருந்த பெட்டியிலும் அப்படியே. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, பிறகு ஏதோ ஒரு கணக்கில் திரும்பப் பங்கு போட்டு வைத்திருக்கிறான்.

கீழ் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "ரெய்னோ 308. நான் 311." அதற்குக் கீழே, இன்னும் பெரிய எழுத்தில், அதே வரி. அதற்குக் கீழே மூன்றாம் தரம், பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, "ரெய்னோ" என்ற பெயர் மட்டும்.

ஐலா நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே யாருடைய வண்டியோ சரளைப் பாதையில் போகும் சத்தம் கேட்டது. பிறகு அவள் எழுந்து ரெய்னோவுக்கு ஃபோன் செய்தாள்.

"துப்பாக்கிய எடுத்துட்டு வா."

"என்னாச்சு அண்ணி?"

"வா, சொல்றேன்."

அரைமணி நேரத்தில் அவன் வந்தான். ஐலா ஒன்றும் விளக்கவில்லை. முதலில் குழலை அளக்க வேண்டும் என்றாள். குண்டு தப்பா, குழலே தப்பா என்று தெரியாமல் பேசுவதில் அவளுக்கு எப்போதும் விருப்பம் இல்லை. துப்பாக்கியைத் துணி சுற்றி மேசையோரப் பிடிசிராவியில் இறுக்கினார்கள். ஐலா மீன்பிடிக்கும் ஈயக்குண்டு ஒன்றை எண்ணெயில் தோய்த்துக் குழல்வாயில் வைத்து மரச் சுத்தியலால் மெல்ல அடித்து இறக்கினாள். பித்தளைக் கம்பியால் உள்ளே தள்ளிக்கொண்டே போனாள். மறுபக்கம் ரெய்னோ உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றான். ஈயம் குழலின் உள் வரிகளைத் தன் மேல் பதித்துக்கொண்டு அவன் கையில் விழுந்தது.

ஐலா அதை அளந்தாள். 7.82.

"ஒன் குழல் சரியாத்தான் இருக்கு."

"அப்ப குண்டுதானா?"

"குண்டுதான். பதினேழுல பதினொண்ணு அவரோட குண்டு."

ரெய்னோ சிரித்துவிட்டான். "அண்ணனா? அண்ணி, நான் என் பல்லு செட்டையே தலைகீழா மாட்டினாலும் மாட்டுவேன், அவன் குண்ட மாத்த மாட்டான். எங்கப்பா செத்த அன்னிக்கே உக்காந்து எனக்கு நாப்பது தோட்டா கட்டிக் குடுத்தவன். நாப்பதும் தைச்ச மாதிரி போச்சு."

ஐலா அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். அவன் காகிதத்தைப் படித்தான். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கி, அதற்குப் பிறகுதான் போனது.

"இது என்னது?"

"தெரியல."

"எப்ப எழுதினது?"

"நான் கடைசியா இங்க வந்தது ஜனவரியில. அப்ப இது இல்ல."

இருவரும் அதன் முன்னால் நின்றார்கள். ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி காலையில் ஓலவி ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, தூண்டில் எதுவும் எடுக்காமல், பனிவண்டியை இன்னும் உறைந்திருந்த ஏரிமேல் ஓட்டிக்கொண்டு நேராக ஓடை வந்து கலக்கும் வாய்க்குப் போனான். அங்கே எந்தக் குளிரிலும் பனிக்கட்டி மெலிந்தே இருக்கும். அது ஊருக்கே தெரியும். அங்கே போகாதே என்று வருடா வருடம் ஊசியிலைக் கிளைகளை நட்டு அடையாளம் வைப்பவனே அவன்தான். அந்த வருடமும் நட்டிருந்தான். இரண்டு கிளைகளுக்கு நடுவே புகுந்து வண்டித்தடம் போயிருந்தது, ஒரு கிளைகூடச் சாயவில்லை. போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. கடையில் பெண்கள் ஐலாவைக் கட்டிக்கொண்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததிலேயே அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் அதையேதான் நினைத்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓலவி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தான். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அல்லது "விடு" என்பான். தன்னோடு வாழ்ந்தது அவனுக்குப் போதும் என்று ஆகிவிட்டது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றான் ரெய்னோ. "நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"பிப்ரவரியில நாங்க ரெண்டு பேரும் வலை தூக்கப் போனோம்ல. திரும்பி வர்றப்ப அவன் வண்டிய நடு ஏரியில நிறுத்திட்டான். 'ரெய்னோ, எங்க வீடு எந்தப் பக்கம்டா?'ன்னான். நான் என்ன நெனச்சேன்? கிண்டல் பண்றான்னு நெனச்சேன். 'ரஷ்யா பக்கம், நேராப் போ'ன்னேன். அவனும் சிரிச்சான். அப்புறம் என்னை முன்னாடி போகச் சொல்லிட்டுப் பின்னாடியே வந்தான்."

ஐலா அவனைப் பார்த்தாள். "இத நீ என்கிட்ட சொல்லவே இல்ல."

"கிண்டல்னு நெனச்சேன் அண்ணி."

"பிப்ரவரியில கிண்டல். ஏப்ரலுக்கு அப்புறமும் கிண்டல்தானா?"

ரெய்னோவின் கழுத்து சிவந்தது. "நீங்க அவன்கூட ஒரே வீட்ல இருந்தீங்க. ஒரே மேசையில சாப்டீங்க. ஒண்ணும் தெரியலயா உங்களுக்கு?"

அந்தச் சொல் தைக்க வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போவது அவளுக்குத் தெரிந்தது. அது எங்கே போய் நின்றது என்று தெரியவில்லை.

"மன்னிச்சுக்குங்க," என்றான்.

"கேட்டது தப்பில்ல. எனக்குத் தெரியலதான். என் மேல கோவம்னு நெனச்சுக்கிட்டு நான் பேசறத விட்டுட்டேன். ஜனவரியில ரெண்டு தடவ காபிக்கு உப்புப் போட்டுக் குடுத்தார். வேணும்னே பண்றார்னு நெனச்சு அப்படியே குடிச்சேன்."

"உப்புக் காபியவா?"

"ரெண்டு கோப்பையும். ஒரு வார்த்த சொல்லாம."

ரெய்னோவின் வாய் கோணியது, சிரிப்பா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

"அப்ப அவன் தெரிஞ்சு போகல," என்றான். "அண்ணி, அவன் வழி தப்பிப் போயிருக்கான்."

"அப்படின்னு நான் சொல்லல."

"வேற எப்படி?"

"குண்டு கலந்திருக்கு. அது தெரியும். காகிதத்துல மூணு தரம் எழுதியிருக்கார். அதுவும் தெரியும். தனக்கு என்னவோ ஆகுதுன்னு அவருக்கே தெரிஞ்சிருந்தா, அதுக்காகவே போயிருக்கலாம். ஏரியில என்ன நடந்துதுன்னு இத வச்சு அளக்க முடியாது."

"நீங்க மனுஷியா மெஷினா?" என்றான் ரெய்னோ. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான்.

"உக்காரு," என்றாள் ஐலா. "பிரிச்சு வைக்கலாம். சனிக்கிழமைக்கு ஒனக்குத் தோட்டா வேணும்."

அன்று மத்தியானம் முழுவதும் இருவரும் குண்டுகளை அளந்தார்கள். இரண்டு பெட்டியிலும் சேர்த்து இருநூற்று எண்பத்து மூன்று. ஐலா ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் வைத்து "எட்டு" அல்லது "பதினொண்ணு" என்றாள். ரெய்னோ வாங்கி வலப்பக்கத் தட்டிலோ இடப்பக்கத் தட்டிலோ போட்டான். நூறு தாண்டியதும் அவன் தட்டை மாற்றிப் போடப் பார்த்தான். அவள் நிமிராமலே "இடது" என்றாள். இன்னொரு தரம் அவளே தப்பாகச் சொல்லிவிட்டாளோ என்று சந்தேகம் வந்தது. இடத் தட்டிலிருந்த கடைசிப் பத்தையும் திரும்ப எடுத்து அளந்தாள். சரியாகத்தான் இருந்தன. நடுவில் ரெய்னோ கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துவந்தான். மேசையில் துகள் விழக் கூடாது என்று வாசற்படியில் நின்று சாப்பிட்டார்கள்.

ஓலவி தனக்காகக் கட்டி வைத்திருந்த தோட்டாக்களும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றையும் பிரித்தார்கள். அவற்றிலும் கலப்பு இருந்தது. மெல்லிய குண்டு அகலக் குழலில் சுடுகிறவனை ஒன்றும் செய்யாது. ஆனால் மூஸை வயிற்றில் காயப்படுத்தி நாள் முழுக்க ஓடவிடும். அதை நினைத்தபோதுதான் ரெய்னோ முதல்முறையாக, "நல்லவேளை, அவன் இந்த வருஷம் சுடல" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் ஐலா தனியாக உட்கார்ந்து ரெய்னோவுக்கு இருபது தோட்டா கட்டினாள். ஒவ்வொரு குண்டையும் கட்டுவதற்கு முன் ஒரு தரம் அளந்தாள். அட்டைப்பெட்டியின் மேல் பெயரும் எண்ணும் தேதியும் எழுதினாள்.

சனிக்கிழமை சுடுமைதானத்துக்கு அவளும் போனாள். போக வேண்டியதில்லை. தான் கட்டிய தோட்டா முதல் தரம் வெடிக்கும்போது தான் பக்கத்தில் இல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நின்றாள். ரெய்னோ ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியின் கட்டைப் பிடியைத் தோளில் பதித்துச் சுட்டான். பிறகு ஒரே விரலால் போல்ட்டைத் தூக்கினான். கூடு துள்ளிப் புல்லில் விழுந்தது. அவள் போய் எடுத்துப் பார்த்தாள். கேப்பு உருண்டையாக, ஓரம் மழுங்காமல் இருந்தது.

"எப்படி?" என்றான்.

"சரி," என்றாள்.

அவன் நான்கு தரம் சுட்டு, நான்கையும் அட்டை மூஸின் நெஞ்சுக்குள் போட்டு, பரீட்சையில் தேறினான். வேட்டைக் குழுவைச் சேர்ந்த சிலர் வந்து கை குலுக்கினார்கள். யார் கட்டிய தோட்டா என்று ஒருவர் கேட்டபோது ரெய்னோ, "எங்க அண்ணி" என்றான். அவர் ஐலாவைப் பார்த்து, தொப்பியைச் சற்றுத் தூக்கிவிட்டு நகர்ந்துபோனார்.

திரும்பும் வழியில் காரில் ரெய்னோ கேட்டான். "ஸன்னிகிட்ட சொல்லுவீங்களா?"

ஸன்னி ஐலாவின் ஒரே மகள். தொலைவில் ஊலு நகரத்தில் இருந்தாள். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் பஸ் ஏறியவள் அதற்குப் பிறகு வரவில்லை. ஃபோனில் பேசுவாள், வேலையைப் பற்றி, மழையைப் பற்றி. ஒரு தரம் மட்டும், மே மாதத்தில், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல அவர்?" என்றாள். அங்கே மழை விட்டதா என்று ஐலா கேட்டாள்.

"சொல்லணும்," என்றாள் ஐலா.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மகளை அழைத்தாள். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். குண்டுகளைப் பற்றிச் சொன்னாள். எத்தனை, என்ன அளவு என்று சொன்னாள். காகிதத்தில் எழுதியிருந்ததைச் சொன்னாள். ஏரி நடுவில் அப்பா வழி கேட்டதாக ரெய்னோ சித்தப்பா சொன்னதைச் சொன்னாள். உப்புக் காபியைச் சொன்னாள். தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் தெரியாது என்றாள்.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா, அப்ப அவருக்கு ஒடம்புதான் சரியில்லாம இருந்துச்சா?"

"இருந்துருக்கணும்."

"டாக்டர்கிட்டக் காட்டியிருந்தா?"

"தெரியல."

"எனக்கு இது நல்ல சேதியா கெட்ட சேதியான்னே புரியல," என்றாள் ஸன்னி. அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஒனக்கு எப்படி இருக்கு?"

ஐலா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல விருப்பமில்லை. தனக்குள் தேடினாள். ஓலவி அந்தச் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து, இரண்டு பெட்டிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, எது யாருடையது என்று தெரியாமல் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவது தெரிந்தது. தம்பியின் முகத்தில் எதுவும் வெடித்துவிடக் கூடாது என்ற ஒன்றை மட்டும் அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதைப் பார்த்து என்ன ஆக வேண்டுமோ அது அவளுக்கு இன்னும் ஆகவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல ஸன்னி. இன்னும் வரல."

"பரவால்லம்மா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் வெள்ளிக்கிழம வரட்டுமா?"

"வா."

"ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

ஐலா குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு பாதி வெண்ணெய், மூன்று முட்டை. இத்தனை நாளாக எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"பால்," என்றாள். "உருளைக்கிழங்கு தோட்டத்துல இருக்கு. பால் மட்டும் வாங்கிட்டு வா."